தாம்பத்தியச் சிக்கலுக்கு யாரை நாடுவது?

புறநோயாளிப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் எவரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார். நோயாளி சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவார். கால் எரிச்சலைச் சொல்வார். மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவு வரை செல்வார். கைப்பிடியில் கை வைத்த பிறகு திரும்பி, "இன்னொன்று கேட்க வேண்டும் டாக்டர்" என்பார். அவர் உண்மையில் கேட்க வந்தது அந்த இன்னொன்றைத்தான். அதற்குள் அடுத்த டோக்கன் எண் அழைக்கப்பட்டிருக்கும்.

கேட்கும்போதும் நேரடியாகக் கேட்பதில்லை. ஆண்கள் "நரம்புத் தளர்ச்சி" என்பார்கள். "உடம்பு முன்போல ஒத்துழைக்கவில்லை" என்பார்கள். பெண்கள் பலர் வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது, அசதியாக இருக்கிறது என்று தொடங்குவார்கள். பரிசோதனையில் எதுவும் தென்படாது. மூன்றாவது முறை வரும்போதோ நான்காவது முறை வரும்போதோ, அதுவும் உடன் வந்தவர் வெளியே சென்ற பிறகே, "அவர் அருகில் வந்தாலே பயமாக இருக்கிறது" என்ற சொல் வெளிவரும். நம் வீடுகளில் இதைப் பேசுவதற்கென்று ஒரு மொழியே பழக்கத்தில் இல்லை. வசைச்சொற்கள் உண்டு; பாடநூற்சொற்கள் உண்டு. கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளத்தக்க சொற்கள் இவ்விரண்டுக்கும் இடையில் மிகச் சிலவே.

பாலியல் சிகிச்சை என்ற பெயரைக் கேட்டதும் பலருக்குத் தோன்றும் அச்சத்தை முதலில் நீக்கிவிடுவது நல்லது. இது பேச்சின் வழியாக நடைபெறும் சிகிச்சை. சிகிச்சையாளரின் அறையில் எவரும் ஆடை களைய வேண்டியதில்லை. அங்கு எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை. சிகிச்சையாளர் உங்களைத் தொடுவதும் இல்லை. உடற்பரிசோதனை தேவைப்பட்டால் அதைத் தகுதி பெற்ற மருத்துவர், காரணத்தை விளக்கி, உங்கள் ஒப்புதலைப் பெற்றுத் தனியாகச் செய்வார். பெண்ணாக இருந்தால் உடன் ஒரு செவிலியர் இருப்பார். உடன் இருக்க வேண்டும் என்று நீங்களே கேட்கவும் உரிமை உண்டு. சிகிச்சை என்ற பெயரில் எவரேனும் இந்த எல்லையை மீறினால் அது சிகிச்சை அன்று. எழுந்து வந்துவிடலாம், புகாரும் அளிக்கலாம்.

இந்த முறைக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மாஸ்டர்ஸ் என்ற மகப்பேறு மருத்துவரும் வர்ஜீனியா ஜான்சனும் இணைந்து 1970ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், பாலியல் சிக்கலைத் தனி ஒருவரின் குறையாகக் கருதாமல் தம்பதியர் இருவரையும் ஒன்றாக அமர்த்திச் சிகிச்சையளிக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது. 1974இல் ஹெலன் சிங்கர் கப்லான் என்ற மனநல மருத்துவர் அதனுடன் உளவியல் சிகிச்சையை இணைத்தார். அதே பத்தாண்டில் ஜாக் அன்னன் என்ற உளவியலாளர் கூறிய ஒரு கருத்து நோயாளிகளுக்கு மிகுந்த ஆறுதல் தருவது. பாலியல் குறையோடு வருவோரில் பெரும்பாலோருக்கு நீண்ட சிகிச்சை தேவைப்படுவதில்லை என்றார் அவர். இதைப் பற்றிப் பேசலாம் என்ற அனுமதி ஒரு சிலருக்குப் போதும். வேறு சிலருக்குச் சரியான தகவல் போதும். இன்னும் சிலருக்கு இரண்டொரு நடைமுறை யோசனைகள் போதும். எஞ்சியோருக்கே தொடர் சிகிச்சை வேண்டும். நம் மருத்துவமனைகளிலும் பெரிதும் இதுவே காணப்படுகிறது. ஒரே ஒரு முறை வந்து, நாற்பது நிமிடம் பேசி, "இது எனக்கு மட்டும் நேர்வது என்று எண்ணியிருந்தேன்" என்று கூறி நிம்மதியுடன் சென்றவர்கள் உண்டு.

உடலிலிருந்து தொடங்குவோம்

விறைப்புக் குறைபாடு மனத்தினால் வருவது என்று சிலர் உறுதியாக நம்புகிறார்கள். உடலினால் மட்டுமே வருவது என்று வேறு சிலர். பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். ஆயினும் ஆராய்வது உடலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு வலுவான காரணம் உண்டு. ஆண்குறிக்குச் செல்லும் தமனிகள் இதயத்தின் தமனிகளைவிடக் குறுகியவை. இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படியும் நோய் உடலெங்கும் பரவும்போது, குறுகிய குழாயில்தான் அதன் விளைவு முதலில் தெரியும். நடுத்தர வயது ஆணுக்குப் புதிதாகத் தோன்றும் விறைப்புக் குறைபாடு, சில ஆண்டுகள் கழித்து வரவிருக்கும் மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். எனவே வெட்கத்தினால் இதை மறைப்பவர் தாம்பத்தியத்தை மட்டும் இழப்பதில்லை. இதயத்தைக் காத்துக்கொள்ளக் கிடைத்த ஒரு வாய்ப்பையும் இழக்கிறார். இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பதும், தேவையெனில் காலை வேளையில் டெஸ்டோஸ்டிரோன் அளவை எடுப்பதும் வழக்கம்.

இக்குறை எவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரு சான்று: பாஸ்டன் நகரைச் சுற்றிய பகுதிகளில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களிடம் நடத்தப்பெற்று 1994இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வில், 52 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருப்பதாகக் கூறினர். லேசான குறையும் இக்கணக்கில் சேரும். அப்படியிருந்தும் "ஆண்மைக் குறைவு" என்ற சொல் நம் நாவில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது. ஓர் உறுப்பின் இரத்த ஓட்டத்தில் நேர்ந்த குறையை மனிதனின் ஆண்மைக்கே நேர்ந்த குறையாக்கும் அச்சொல்லை மருத்துவர்களாவது கைவிட வேண்டும்.

நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளும் காரணமாகலாம். இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான பல மாத்திரைகள், புராஸ்டேட் வீக்கத்திற்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவை ஆசையையோ விறைப்பையோ உச்சநிலையையோ பாதிக்கக்கூடும். அதற்காக நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தியதால் நோய் திரும்பியவர்கள் பலர். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி இருக்கும். சொல்லாமல் நிறுத்தினால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

இதய நோயாளிகள் கவனத்திற்கு ஒன்று. சில்டெனாஃபில் மாத்திரை 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் பல பெயர்களில் கிடைக்கிறது. மருத்துவரின் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து அது. நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உள்ளிட்ட நைட்ரேட் வகை மருந்துகளை உட்கொள்வோர் இதை எக்காரணம் கொண்டும் உட்கொள்ளக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாக வீழ்ச்சியடையும். சில்டெனாஃபில் உட்கொண்டு 24 மணி நேரத்திற்குள்ளோ, டடாலாஃபில் உட்கொண்டு 48 மணி நேரத்திற்குள்ளோ நெஞ்சுவலி வந்து அவசரப் பிரிவுக்குச் செல்ல நேர்ந்தால், என்ன மாத்திரை, எப்போது உட்கொண்டீர்கள் என்பதை அங்குள்ள மருத்துவரிடம் கூசாமல் சொல்லிவிட வேண்டும். உங்களுடன் வரும் மனைவிக்கும் இது தெரிந்திருப்பது அவசியம்.

மாரடைப்புக்குப் பிறகு தாம்பத்தியம் கூடுமா என்பது கேட்கப்படாமலேயே போகும் கேள்விகளில் முதன்மையானது. இரண்டு மாடிப் படிகளை நெஞ்சுவலியோ கடும் மூச்சிரைப்போ இன்றி ஏற முடிகிறவருக்குப் பொதுவாக அதுவும் இயலும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் எளிய அளவுகோல். எப்போது தொடங்கலாம் என்பதை உங்கள் இதய மருத்துவர் உங்கள் நிலைக்கேற்பச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவே. பல வீடுகளில் நோயாளியைவிட மனைவியே அதிகம் அஞ்சுகிறார். தன்னால் மீண்டும் ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று பாயைத் தனியே விரித்துக்கொள்கிறார். "நான் நோயாளியாகிவிட்டேன், இனி என்னைப் பிடிக்கவில்லை போலும்" என்று கணவர் அதைப் பொருள் கொள்கிறார். இருவரும் அன்பினால்தான் அவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பது ஒருவருக்கொருவர் தெரிவதற்குள் சில வீடுகளில் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. படிக்கட்டு அளவுகோலை இருவருக்கும் ஒன்றாக விளக்கிச் சொன்ன ஐந்து நிமிடத்தில் தீர்ந்த வழக்குகள் இவை.

நோயாளியைப் பராமரிப்போர் வேறொரு சங்கடத்தையும் சொல்வதுண்டு. பகல் முழுவதும் மலச்சட்டியை மாற்றி, உடல் துடைத்து, மாத்திரை கொடுத்த பிறகு இரவில் மனைவியாகவோ கணவனாகவோ மாற இயலவில்லை என்பார்கள். இதை அன்புக் குறைவாக எண்ணிக் குற்றவுணர்வில் புழுங்குவோர் பலர். செவிலியர் வேலையும் துணைவர் உறவும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் மோதிக்கொள்ளும்போது இப்படி நேர்வது இயல்பு. பராமரிப்பின் ஒரு பகுதியையாவது, குறிப்பாகக் குளிப்பாட்டுதல் போன்றவற்றை, இயன்ற வீடுகளில் வேறொருவரிடம் ஒப்படைப்பது உதவுகிறது என்பதைக் கண்டிருக்கிறோம். அதற்கும் வழியில்லாத வீடுகளில், நோயைப் பற்றிப் பேசாமல் இருவரும் சேர்ந்து அமரும் அரை மணி நேரத்தைத் தனியே ஒதுக்கிக்கொள்ளச் சொல்கிறோம். உடலுறவு அதன் நோக்கமாக இருக்க வேண்டியதில்லை.

திருமணமாகி மூன்று ஆண்டுகள்

ஓர் எடுத்துக்காட்டு. இது குறிப்பிட்ட எவருடைய கதையும் அன்று. திரும்பத் திரும்ப ஒரே விதமாக வரும் பல கதைகளைச் சேர்த்து அமைத்தது. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆன தம்பதியர். இருவரும் வேலைக்குச் செல்பவர்கள்; ஒருவர் மீது ஒருவர் அன்பு கொண்டவர்கள். முதல் ஆண்டிலிருந்தே உறவினர் வீட்டு விசேஷங்களுக்குச் சென்றால், "என்னம்மா, விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்ற கேள்வி. இரண்டாம் ஆண்டில் திருவெண்காடு, திருக்கருகாவூர் என்று கோயில் வழிபாடு. மூன்றாம் ஆண்டில் குழந்தைப்பேறு மையம். அங்கு இரத்தம், ஸ்கேன், விந்தணு எண்ணிக்கை எல்லாம் பார்க்கப்பட்டு எல்லாம் சரியாகவே இருக்கின்றன. உள்ளே கருவியை வைத்துப் பரிசோதிக்க முயலும்போது அப்பெண் துடித்து விலகுகிறார். அப்போதுதான் அனுபவம் மிக்க மருத்துவர் ஒருவர், கணவரையும் மாமியாரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மெல்லக் கேட்கிறார்: "உங்களுக்குள் உறவு நடந்திருக்கிறதா, அம்மா?"

நடந்ததே இல்லை. ஒவ்வொரு முறை முயலும்போதும் அங்கே ஒரு சுவர் இருப்பது போலத் தோன்றியது என்கிறார் அப்பெண். கணவரும் கட்டாயப்படுத்த மனமின்றி விலகிக்கொண்டார். பின்னர் அவருக்கும் விறைப்புக் குறையத் தொடங்கியது. இருவரும் எவரிடமும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளாக இரண்டு குடும்பங்களின் முன்னும் அப்பெண் "மலடி" என்ற பழியைச் சுமந்திருக்கிறார். கணவர் இதைத் தன் தோல்வியாகக் கருதி வாய் திறவாமல் இருந்திருக்கிறார்.

இந்நிலைக்கு வெஜினிஸ்மஸ் என்று பெயர். புணர்ச்சிக்கோ பரிசோதனைக்கோ முயலும்போது, பெண்ணுறுப்பின் வாயிலைச் சுற்றியுள்ள இடுப்படித் தசைகள் அவர் விருப்பத்தைக் கேட்காமலே இறுகிக்கொள்கின்றன. கண்ணுக்கருகே விரல் வந்தால் இமை தானாக மூடிக்கொள்வதைப் போன்றது இது. இமையைக் குற்றம் சொல்ல எவருக்கும் தோன்றுவதில்லை. 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ள உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாட்டில், பாலியல் சிக்கல்கள் மனநோய்ப் பிரிவிலிருந்து எடுக்கப்பட்டுப் பாலியல் நலத்துக்கான தனி அத்தியாயத்தில் வைக்கப்பட்டுள்ளன. நோயாளிக்கு இதன் பொருள் எளியது: இது பைத்தியமும் அன்று, பிடிவாதமும் அன்று.

சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது? முதலில் மகப்பேறு மருத்துவர், அப்பெண் இசையும் அளவிற்கு மட்டும் பார்த்து, தொற்றோ உடலமைப்புக் கோளாறோ இல்லை என்று உறுதி செய்கிறார். அவசரப்பட்டுக் கன்னித்திரையை நீக்கும் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்; பெரும்பாலோருக்கு அது தேவையற்றது. பின்னர்ச் சிகிச்சையாளர் இருவரையும் அமர்த்தி, ஒரு படத்தை வைத்துக்கொண்டு உடலமைப்பை விளக்குகிறார். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், இரு குழந்தைகளுக்குத் தந்தையானவர்கள்கூட இந்தப் படத்தைப் பார்த்து வியப்பதுண்டு. எங்கே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு எவரும் எப்போதும் சொன்னதில்லை.

அடுத்து வருவது பலரையும் திகைக்க வைக்கும்: சில வாரங்களுக்கு உடலுறவுக்கு முயலவே கூடாது என்று சிகிச்சையாளர் தடை விதிக்கிறார். மாஸ்டர்சும் ஜான்சனும் வகுத்த முறையின் உயிர்நாடி இதுதான். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், அரை மணி நேரம், இருவரும் மாறி மாறி ஒருவர் மற்றவரின் தலை, முதுகு, கை, கால்களைத் தொடுவது. மார்பையும் பிறப்புறுப்பையும் தவிர்ப்பது. தொடும்போது என்ன உணர்கிறோம் என்பதை மட்டும் கவனிப்பது. அவ்வளவே வீட்டுப்பாடம். தேர்வு ரத்து செய்யப்பட்டதும் தேர்வைப் பற்றிய நடுக்கமும் போய்விடுகிறது. கணவருக்கு இழந்துபோன விறைப்பு பல வேளைகளில் இந்தத் தடைக்காலத்திலேயே, எவரும் அதை எதிர்பாராத நாளில், திரும்பி வருகிறது.

இதற்கிடையே அப்பெண் தனியாக வேறொரு பயிற்சியைச் செய்கிறார். இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தக் கற்றுக்கொள்வது, பின் தன் விரலின் நுனி, பின் 'டைலேட்டர்' எனப்படும் வழுவழுப்பான சிறு குழல்கள், சிறியதிலிருந்து பெரியதாக. எந்தப் படியிலும் வேகத்தை அவரே தீர்மானிக்கிறார். இறுதிப் படிகளில்தான் கணவர் சேர்கிறார், அதுவும் அப்பெண்ணின் கட்டுப்பாட்டில். சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை பிடிக்கும். தொடர்ந்து வருவோரில் மிகப் பலர் குணமடைகிறார்கள் என்பதால், பாலியல் சிகிச்சையில் நம்பிக்கை தரும் பகுதி இது என்றே சொல்லலாம்.

எங்கள் நாட்டு வீடுகளில் இந்த வீட்டுப்பாடத்திற்கு மேல்நாட்டு நூல்கள் எண்ணிப்பார்த்திராத தடை ஒன்று உண்டு. பூட்டக்கூடிய அறை இல்லை. கதவுக்குப் பதில் திரைச்சீலை. கூடத்தில் மாமனார், மாமியார், கல்லூரிக்குச் செல்லும் கொழுந்தன். இரவு பத்தரை வரை தொலைக்காட்சி. கதவைத் தாழிட்டாலே மறுநாள் காலையில் ஒரு கேலி. இதைச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். இது அற்பக் காரணம் அன்று. பல வேளைகளில் முதன்மைக் காரணமே இதுதான். அனைவரும் ஞாயிறு மாலை கோயிலுக்குச் செல்லும் நேரம், வேலை முறை மாறும் நாள் என்று வழி கண்டுபிடித்த தம்பதியர் உண்டு. ஒருமுறை மாமியாரையே தனியே அழைத்து, விவரம் எதுவும் கூறாமல், "இவர்களுக்குச் சில மாதங்கள் தனி அறை வேண்டும் என்பது மருத்துவரின் அறிவுரை" என்று சொல்லி அனுப்பினோம். அம்மையார் மறுவாரமே தச்சரை அழைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

வற்புறுத்தலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மனைவியை இணங்க வைக்கும் கருவியாகச் சிகிச்சையைப் பயன்படுத்த முடியாது. வீட்டில் அடியோ மிரட்டலோ கட்டாயமோ இருக்கும்போது, வலியும் விருப்பமின்மையும் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகவே இருக்கும். அங்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. சிகிச்சையாளரைத் தனியே சந்தித்து இதைச் சொல்லலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

லாட்ஜ் அறையில் ஒரு முகாம்

"இம்மாதம் 5ஆம் தேதி இன்ன ஊர், 6ஆம் தேதி இன்ன ஊர், இன்ன லாட்ஜில் பரம்பரை வைத்தியர் வருகை" என்ற விளம்பரத்தைப் பேருந்து நிலையச் சுவரிலோ நாளிதழிலோ பார்க்காத தமிழர் இருக்க முடியாது. இளமையில் செய்த தவறு, கைப்பழக்கம், சொப்பன ஸ்கலிதம் என்று பட்டியலிட்டு, இவற்றால் நரம்பு தளர்ந்து வாழ்க்கை வீணாகும் என்று அச்சுறுத்துவது அவற்றின் முறை. கையில் இருந்த பணத்தையெல்லாம் லேகியத்துக்குக் கொடுத்துவிட்டு, தூக்கமும் இழந்து, திருமணப் பேச்சு வந்ததும் வீட்டை விட்டு ஓடிய இளைஞர்கள் எங்கள் மனநலப் பிரிவுக்கு வந்திருக்கிறார்கள். பரிசோதித்தால் உடலில் ஒரு குறையும் இருக்காது.

விந்து வெளியேறினால் உயிர்ச்சத்து வெளியேறுகிறது என்ற நம்பிக்கையால் இளைஞர்கள் அடையும் சோர்வு, அச்சம், உடல்வலி ஆகியவற்றுக்கு 1960இல் இந்திய மனநல மருத்துவர் என். என். விக் "தாது நோய்க்குறி" என்ற பொருளில் பெயரிட்டார். பல துளி இரத்தம் சேர்ந்தே ஒரு துளி விந்து உண்டாகிறது என்பது தவறான கணக்கு. விந்துத் திரவத்தின் பெரும்பகுதி விந்துப் பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரப்பது. விந்தணுக்கள் அதில் மிகச் சிறு பங்கே. எச்சில் ஊறுவது போல உடல் அதை இடைவிடாது உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. உறக்கத்தில் வெளியேறுவது இயல்பு. சுய இன்பத்தால் நரம்பு தளர்வதும் இல்லை. உறுப்பு சிறுப்பதும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் மனநல மருத்துவர் மாத்ருபூதம் தொலைக்காட்சியில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் இவற்றையெல்லாம் நகைச்சுவையோடு விளக்கிச் சொன்னார். அன்று அதைப் பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்று அதே அச்சத்தோடு கைப்பேசியில் தேடுகிறார்கள்.

பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாகக் கூறி மருந்தை விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின்படி குற்றம். விளம்பரமே சட்டத்தை மீறுகிறது என்றால், அதன் பின்னால் இருக்கும் மருந்தை எந்த நம்பிக்கையில் விழுங்குவது? "மூலிகை" என்று விற்கப்படும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் சில்டெனாஃபில் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைப் பல நாடுகளின் ஆய்வகங்கள் திரும்பத் திரும்பக் கண்டறிந்துள்ளன. நைட்ரேட் உட்கொள்ளும் இதய நோயாளிக்கு அது என்ன செய்யும் என்பதை மேலே கண்டோம். முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. ஆனால் எவரிடம் எந்த மருந்து உட்கொண்டாலும் அதை உங்கள் மற்ற மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பெண்களின் வறட்சியும் வலியும்

மகப்பேற்றுக்குப் பின், குறிப்பாகப் பாலூட்டும் காலத்தில், ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்ணுறுப்பில் வறட்சி ஏற்பட்டு வலி உண்டாகும். மாதவிடாய் நின்ற பிறகும் அவ்வாறே. "வயதாகிவிட்டது, இனி எதற்கு?" என்று மருத்துவரே சொல்லிவிடுவதும் உண்டு, அத்தகைய பதிலோடு திரும்பிவிட வேண்டியதில்லை. நீர் சார்ந்த வழுவழுப்புக் களிம்புகள் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்துவோர், ஆணுறை அணியும் வழக்கம் இருந்தால் நினைவில் கொள்ளவும்: எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை நலிந்து கிழியும். ஈஸ்ட்ரோஜன் களிம்பை மருத்துவர் எழுதித் தரலாம். ஆனால் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. மார்பகம் அகற்றப்பட்ட பிறகு கணவர் முன் உடை மாற்றவே கூசும் பெண்களுக்கு மருந்தைவிடப் பேச்சே முதல் தேவை. புற்றுநோய்ப் பிரிவிலேயே ஆலோசகர் இருந்தால் அவரிடம் தொடங்கலாம்.

எங்கே செல்வது, என்ன சொல்வது

பெயர்ப்பலகையில் "பாலியல் நிபுணர்" என்று எவரும் எழுதிக்கொள்ளலாம் என்ற நிலை இருப்பதால், பலகையைவிடப் பட்டத்தையும் பதிவையும் பாருங்கள். மனநல மருத்துவர், மகப்பேறு மருத்துவர், சிறுநீரக அறுவை மருத்துவர் ஆகியோருக்கு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருத்துவ உளவியலாளராக இருந்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும். கேட்டால் காட்டத் தயங்குபவரிடம் உங்கள் அந்தரங்கத்தைச் சொல்ல வேண்டாம். தனியார் மருத்துவமனைக்குச் செல்ல வசதியற்றவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளிப் பிரிவை நாடலாம். அங்கு கட்டணம் இல்லை. பதிவு மேசையில் விவரம் சொல்ல வேண்டியதில்லை. "மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்" என்றால் போதும்.

உள்ளே சென்றதும், முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது எளிது: "டாக்டர், தாம்பத்தியத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்காகவே வந்தேன்." மற்றதை அவர் கேட்டுப் பெறுவார். எப்போது தொடங்கியது, எப்போதும் இருக்கிறதா அல்லது சில வேளைகளில் மட்டுமா, காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா, வலி எந்த இடத்தில், மது, புகை, உறக்கம், கடன், வேலை எனக் கேள்விகள் பல திசைகளில் செல்லும். தொடர்பற்றவை போலத் தோன்றினாலும் அவை வீண் கேள்விகள் அல்ல. காலை விறைப்பு நன்றாக இருந்து, துணையிடம் மட்டும் இல்லையென்றால், மருத்துவர் மனத்தின் பக்கம் கூடுதலாகப் பார்ப்பார். உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்கள் உடன் வந்தால் வெளியே அமரட்டும். உங்கள் விவரங்களை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை. மனநலச் சிகிச்சை பெறுவோருக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைச் சட்டபூர்வமான உரிமையாகவே தந்துள்ளது. கணவனும் மனைவியும் தனித்தனியே பேசும் அமர்வும் பெரும்பாலும் இருக்கும். ஒருவர் தனியே சொன்னதை மற்றவரிடம் சொல்லலாமா என்று சிகிச்சையாளர் கேட்பார். "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்களிக்க இயலாது. இருவரில் ஒருவருக்கு ஆசை மிகுதியாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் இருக்கும் சிக்கல் மெதுவாகவே மாறுகிறது. சில வேளைகளில் இருவரும் ஓர் இடைவழிக்கு உடன்படுவதே முடிவாகிறது. புராஸ்டேட் புற்றுநோய் அறுவைக்குப் பின் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாத்திரை பயன் தராமல் போகலாம். அவர்களுக்கு ஊசி, வெற்றிடக் கருவி, உள்வைப்பு அறுவை ஆகிய வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதற்கான செலவும் தொல்லையும் உண்டு. அவற்றை இருவரும் சேர்ந்து கேட்டுத் தீர்மானிப்பது நன்று, கணவர் தனியே முடிவெடுத்துப் பெரும்பணம் செலவழித்த பிறகு, "எனக்கு அது வேண்டும் என்று யார் சொன்னார்கள்?" என்று மனைவி கேட்டதும் உண்டு.

துணைவர் வர மறுத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். தனியாகவே வாருங்கள். அவரைப் பற்றிக் குறை கூற அன்றி, உங்கள் அச்சத்தையும் வலியையும் ஐயத்தையும் பேசுவதற்காக வாருங்கள். ஒருவர் வந்து சென்ற மூன்றாவது வாரத்தில், "உள்ளே என்னதான் கேட்கிறார்கள்?" என்று மற்றவர் வினவத் தொடங்குவது வழக்கம். அடுத்த முறை அவர் வெளியே நாற்காலியில் அமர்ந்திருப்பார். அதற்கடுத்த முறை, பெரும்பாலும், உள்ளே வருவார்.